அடைக்கோழி

பல்லடம் பக்கம் ஒரு குஞ்சு பொரிப்பகத்தில் இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறேன். முட்டையை முதல் பதினெட்டு நாள் செட்டரில் வைப்போம். கடைசி மூன்று நாள் ஹேட்சருக்கு மாற்றுவோம். சூடு 37.5 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்க வேண்டும். மணிக்கு ஒருமுறை தட்டுகள் தாமாகச் சாய்ந்து முட்டையைத் திருப்பும். சூடு கொஞ்சம் பிசகினாலும் இருபத்தோராம் நாள் பொரிப்புக் கணக்கில் தெரிந்துவிடும். ராத்திரி ஷிப்டில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் என் பிழைப்பு.

2012 ஆடியில், கோவையில் ஓர் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் என் மகளை முதன்முதலாகக் காட்டினார்கள். என் கண் முதலில் போனது பெட்டிமேல் எரிந்த சூட்டு எண்ணுக்கு. அப்புறம்தான் அவள் முகத்துக்கு. இருபத்தொன்பது வாரம். 1,180 கிராம்.

அவள் அம்மாவுக்கு ஆறாம் மாதம் முடியும்போதே கால் வீங்கியது. கர்ப்பத்தில் வீங்காத கால் உண்டா என்று நாங்கள் இருந்துவிட்டோம். பிறகு முகம் வீங்கியது, தலை பிளக்கிற வலி, கண்ணில் பூச்சி பறந்தது. யூரினில் புரதம், பிபி 180/120 என்றார்கள். வலிப்பு வந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து, குழந்தையை எடுத்தாக வேண்டும். ஆனால் முடிந்தால் ஒருநாள் தள்ளுவோம் என்றார் டாக்டர். வலிப்பைத் தடுக்க மக்னீசியம் ஏற்றினார்கள். குழந்தையின் நுரையீரலுக்கு என்று இருபத்துநான்கு மணி நேர இடைவெளியில் இரண்டு ஊசி போட்டார்கள்.

அந்த இரண்டு மருந்துக்கும் பின்னால் இருந்த உழைப்பைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் லிகின்ஸ் என்ற மருத்துவர், பிரசவ வலி எப்படித் தொடங்குகிறது என்று செம்மறி ஆடுகளில் ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றிலிருந்த குட்டிக்கு ஸ்டீராய்டு மருந்து கொடுத்தபோது ஆடுகள் குறைமாதத்தில் குட்டி போட்டன. இறந்திருக்க வேண்டிய குட்டிகள் மூச்சு விட்டன. ஹோவி என்ற குழந்தை மருத்துவரோடு சேர்ந்து 282 தாய்மாரிடம் சோதித்து 1972-இல் வெளியிட்டார். மக்னீசியம் வெகுகாலமாகப் புழக்கத்தில் இருந்தது. ஆனாலும் பத்தாயிரம் பெண்களிடம் ஒப்பிட்டுப் பார்த்து, வலிப்பு வரும் வாய்ப்பை அது பாதியாகக் குறைக்கிறது என்று உறுதி செய்தது 2002-இல்தான். அதற்குப் பத்து வருஷம் கழித்து அது என் மனைவியின் நரம்பில் ஏறியது.

மகளுக்குப் பெட்டி, மனைவிக்கு ஐசியூ. நடுவில் நான். என் மாமியார் வராந்தாவில் உட்கார்ந்து ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருந்தார்: “ஏழாம் மாசத்துப் புள்ள தங்கீரும் மாப்ள. எட்டுல பொறந்தாத்தான் ஆகாதும்பாங்க.” இந்த நம்பிக்கை நம் ஊரோடு நின்றதில்லை. கிரேக்கத்தில் ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய மருத்துவ நூல்களில், எட்டு மாதக் குழந்தையைப் பற்றியே தனியாக ஒன்று உண்டு. எட்டு மாதம் நிறைந்த குழந்தைக்கு ஏழு மாதக் குழந்தையைவிட வாய்ப்பு அதிகம் என்பதுதான் உண்மை. அன்றைக்கு நான் அதைப் பேசவில்லை. ஏழு என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார். எனக்கும் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

மூன்றாம் நாள் குழந்தை டாக்டர் என் வேலையைக் கேட்டார். சொன்னேன். “இந்தப் பெட்டியே உங்க தொழில்ல இருந்து வந்ததுதாங்க” என்றார்.

உண்மைதான். 1878-இல் பாரிஸ் நகரத்து மிருகக்காட்சித் தோட்டத்தில், கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்தார் தார்னியே என்ற பிரசவ மருத்துவர். அதைச் செய்த ஓதில் மார்த்தேன் என்பவரையே பிடித்து, மனிதக் குழந்தைக்கும் அதைப் போல ஒன்று செய்யச் சொன்னார். கீழே வெந்நீர்த் தொட்டி, மேல் அறையில் குழந்தைகள், மேலேறி வரும் வெதுவெதுப்பான காற்று. அவ்வளவுதான் அந்தப் பெட்டி. அவருடைய மகப்பேறு ஆஸ்பத்திரியில் இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளில் நூற்றுக்கு 66 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். பெட்டி வந்தபிறகு அது 38 ஆனது. பிரெஞ்சுக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் கூவெஸ். அடைக்கோழி என்று அர்த்தம்.

அந்தப் பெயரைப் படித்த ராத்திரி வெகுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை. எங்கள் தொழிலிலிருந்து அவர்கள் கொண்டுபோனது சூட்டை மட்டும். கோழியைக் கொண்டுபோகவில்லை. எங்களுக்கே கோழி தேவையில்லை. பொரித்த அன்றைக்கே குஞ்சை எண்ணி அட்டைப்பெட்டியில் போட்டு லாரி ஏற்றிவிடுகிறோம். குஞ்சு தாங்கும். மனிதக் குழந்தை?

தார்னியேயின் மாணவர் பூதேன் இதைக் கவனித்தவர். 1900-இல் வந்த அவருடைய புத்தகத்தில், குழந்தையைப் பிரித்து வைத்துப் பாலும் கொடுக்க முடியாமல் போனால் தாய்க்கு அதன்மேல் ஒட்டுதல் விட்டுப்போகிறது என்று எழுதினார். தாயைப் பக்கத்திலேயே வைக்கச் சொன்னார். ஆனால் பெட்டி போன வேகத்துக்கு அந்த வார்த்தை போகவில்லை. அமெரிக்காவில் மார்ட்டின் கூனி என்பவர் 1903 முதல் 1943 வரை நியூயார்க்கின் கோனி ஐலண்டுப் பொழுதுபோக்குப் பூங்காவில் குறைமாதக் குழந்தைகளைப் பெட்டியில் வைத்துக் காட்சி நடத்தினார். பார்க்க வந்தவர்களிடம் 25 சென்ட் வாங்கினார், பெற்றவர்களிடம் ஒரு காசு வாங்கவில்லை. பெரும்பாலான ஆஸ்பத்திரிகள் கைவிட்ட ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அந்த டிக்கெட் காசு காப்பாற்றியது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது.

பிறகு ஆஸ்பத்திரிகளே தனி வார்டு திறந்தன. கிருமிக்குப் பயந்து கதவைச் சாத்தின. பயம் நியாயமானதுதான். ஆனால் அம்மாவும் கிருமிக் கணக்கில் சேர்ந்தாள். வாரக்கணக்கில் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனாள். 1960-களில் கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்டில் தாய்மாரைக் கை கழுவச் சொல்லி உள்ளே விட்டுப் பார்த்தார்கள். தொற்று கூடவில்லை.

கதவை முழுசாகத் திறந்தது இல்லாமைதான். கொலம்பியாவின் பொகோட்டாவில் ஏழைகள் வரும் தாய் சேய் ஆஸ்பத்திரியில் ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள் கிடந்தன. ஒன்றின் நோய் இன்னொன்றுக்கு ஒட்டியது. பிள்ளையை விட்டுவிட்டுப் போன தாய்மாரும் இருந்தார்கள். 1978-இல் எட்கர் ரெய் என்ற மருத்துவர், உடல் தேறிய குழந்தைகளைத் தாயின் வெறும் மார்பில் நிமிர்த்தி வைத்துக் கட்டச் சொன்னார். கங்காரு பையில் குட்டி வளர்கிற மாதிரி. அடுத்த வருஷம் எக்டர் மார்டினெஸ் அவரோடு சேர்ந்தார். அடைக்கோழி திரும்பி வந்தது என்றே நான் இதை எடுத்துக்கொள்கிறேன்.

ஏழாம் நாள் எங்கள் வார்டு சிஸ்டர் கூப்பிட்டார். “அண்ணா, குளிச்சுட்டு வாங்க. சங்கிலி, மோதிரமெல்லாம் கழட்டிருங்க. முன்பட்டன் வெச்ச சட்டையாப் போடுங்க.” அம்மாவுக்குத்தானே இது என்று கேட்டேன். அம்மா வரும்வரை அப்பா செய்யலாம் என்றார். குல்லாய், சாக்ஸ், டயப்பர் தவிர வேறொன்றும் இல்லாமல் அவளை என் நெஞ்சில் வைத்து, தலையை ஒருபக்கம் திருப்பி, தவளை மாதிரிக் காலை மடக்கி, பருத்தித் துணியால் சுற்றினார்கள். மூச்சை மறந்து மறந்து விட்டு மானிட்டரை அலறவைத்துக்கொண்டிருந்த பிள்ளை, என் மேல் கிடந்த இரண்டு மணி நேரமும் அதை அலறவைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷச் சூட்டுக் கணக்கில் எந்த ராத்திரியும் நான் அப்படி அசையாமல் உட்கார்ந்ததில்லை.

இன்றைக்கு இதற்குப் பெரிய ஆதாரம் இருக்கிறது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளிவந்த சோதனையில், உடல் தேறும்வரை காத்திராமல் பிறந்த கையோடு மார்பில் வைத்த குழந்தைகளில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் நூற்றுக்கு 12; பழைய முறையில் 15.7. அந்தக் கணக்கு அன்றைக்கு இருந்திருந்தால் ஏழு நாள் காத்திருக்க வேண்டியிருந்திருக்காது.

கண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1940-களிலும் 50-களிலும் ஆக்சிஜனை அளவில்லாமல் கொடுத்ததில் உலகம் முழுக்க ஏறத்தாழ பத்தாயிரம் குறைமாதக் குழந்தைகளுக்குப் பார்வை போனது. பாடகர் ஸ்டீவி வொண்டர் அவர்களில் ஒருவர். அதனால்தான் பிறந்து முப்பது நாளுக்குள் விழித்திரையைப் பார்க்கச் சொல்கிறார்கள். வீட்டில் குறைமாதப் பிள்ளை இருந்தால் இந்த ஒன்றைத் தள்ளிப்போடாதீர்கள். எங்கள் மகளுக்கு இருபத்தைந்தாம் நாள் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்தபிறகு இரண்டு காலண்டர் ஓடியது. பிறந்த தேதி ஒன்று, பிறந்திருக்க வேண்டிய தேதி ஒன்று. “இன்னும் குப்புற உழுகலீங்களா?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் என் மனைவி இரண்டரை மாதத்தைக் கழித்துச் சொல்லிச் சொல்லி ஓய்ந்தாள். இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

ஐசியூவில் இருந்த ஒன்பது நாள் என் மனைவிக்கு ஞாபகமே இல்லை. அந்த நாள்களை என்னிடமிருந்து கேட்டுக் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். மகள் இப்போது எட்டாம் வகுப்பு. போன வாரம் அவள் டியூஷன் போயிருந்தபோது, அரிசி புடைத்துக்கொண்டே மனைவி கேட்டாள்: “மொதோ தடவ உங்க மேல வெச்சப்ப அழுதாளாங்க?”

இல்லை, தும்மினாள் என்றேன்.