மழைக்காலத்து வீடும் பனை ஓலையும்

மலருக்கு ஏதாவது வரலாறு எழுதித் தாங்க என்று கேட்டதும், ராஜா கதை, போர்க் கதைதான் எழுதணும் போல என்று பயந்துவிட்டேன். பத்தாம் வகுப்பு வரை நான் படித்த வரலாறு அதுதான். வீட்டுக்கு வந்தால் எங்க அத்தை திண்ணையில் உட்கார்ந்து ஓலைப்பெட்டி முடைந்துகொண்டிருந்தார்கள். இதுக்கும் ஒரு வரலாறு இருக்குமே என்று தோன்றியது. அதையே எழுதுகிறேன்.

வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அதில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம். வெயில் தணிந்து, வாடை வீசி, மழை பெய்கிற காலம். புரட்டாசியில் நவராத்திரி, அப்புறம் தீபாவளி, கார்த்திகை விளக்கு என்று வீட்டைத் துடைத்து அழகு பார்க்கிற காலமும் இதுதான். திருச்செந்தூர் பக்கத்துத் தேரிக்காட்டு ஊர் எங்களுக்கு. எங்க வீடுகளுக்கு அந்த அழகு பனையில் இருந்துதான் வந்தது.

அதுக்குக் காரணம் உண்டு. பதநீர் இறக்குவது கோடையில். அப்போ ஆண்கள் மரத்தில் இருப்பார்கள், பெண்கள் அடுப்பு முன்னால் கருப்பட்டி காய்ச்சுவார்கள். பதநீர் நின்று மழை ஆரம்பித்தால் வேலையும் இருக்காது, காசும் இருக்காது. கோடையிலேயே வெட்டிக் காயப்போட்ட குருத்தோலையை எடுத்துப் பெண்கள் முடைய உட்காருவார்கள். நெல் அள்ளக் கடகம், படுக்கப் பாய், வெற்றிலை பாக்குக்கு மூடி போட்ட சின்னப் பெட்டி, சாயம் தோய்த்த விசிறி. வேலைக்கும் ஆச்சு, வீட்டுக்கு அழகும் ஆச்சு. கார்த்திகை அன்றைக்கு ஓலைக் கொழுக்கட்டை அவிப்போம். பிள்ளைகள் பனம்பூவைச் சுட்டுக் கரியாக்கி மாவளி சுற்றுவார்கள். கோயில் முன்னால் சொக்கப்பனை எரியும்.

வீட்டுக்கு மட்டுமா? காதுக்கும் ஓலைதான் நகை. ஓலையைச் சுருட்டிக் காதில் போட்டதால்தான் காதோலை என்று பேர். தோடு என்ற சொல்லுக்கும் ஓலை, இதழ் என்ற பொருள் உண்டு. ஆடிப்பெருக்குக்குக் காவிரிக் கரையில் இன்றைக்கும் காதோலை, கருகமணி வைத்துப் படைக்கிறார்கள். நாம் போடுகிற தங்கத் தோட்டுக்கும் ஆத்தா இந்தப் பனைமரம்தான்.

நம்ம பழைய பாட்டு எல்லாம் பனை ஏட்டில்தான் இருந்தது. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்து, 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தார். அதை எழுதின புலவர் பேர் நமக்குத் தெரியும். அதே ஓலையில் பெட்டி முடைந்த பெண்களில் ஒருத்தர் பேர்கூட எங்கேயும் இல்லை. வீட்டு வேலையோடு வேலையாகச் செய்ததால் யாரும் எழுதி வைக்கவில்லை.

பனை 1978இல் தமிழ்நாட்டு மாநில மரம் ஆனது. ஆனாலும் நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே பிளாஸ்டிக் கூடையும் நைலான் பையும் வீட்டுக்குள் வந்துவிட்டன. ஓலைப்பெட்டி பரணுக்குப் போனது. கல்யாணமாகி வந்தபோது எனக்கும் அது பழசாகத்தான் தெரிந்தது. அத்தை கூப்பிட்டுச் சொல்லித் தந்தாலும் நான் உட்காரவில்லை.

செட்டிநாட்டுப் பக்கமும் இதே கதைதான். அங்கே ஆச்சிமார் மணியும் நூலும் வைத்து அலங்கரித்த கொட்டான் கிட்டத்தட்ட மறைந்தே போயிருந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் விசாலாட்சி ராமசாமி என்ற அம்மா, பழைய கொட்டான்களைத் தேடிப் பார்த்து, கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டெடுத்தார். இன்றைக்குச் செட்டிநாடு கொட்டானுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது.

நம்ம குழு வரலாறு உங்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டில் மகளிர் குழு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் ஆரம்பித்தது. 1992இல் நபார்டு வங்கி குழுக்களை வங்கியோடு இணைக்கத் தொடங்கியது. அந்த வழியில் வந்ததுதான் எங்க குழுவும். 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்ததும், டவுனில் நவராத்திரி தாம்பூலத்துக்கு ஓலைப்பெட்டி கேட்டார்கள். குழுவில் முடையத் தெரிந்தவர் அத்தையும் இன்னும் 2 பேரும்தான். அப்போதான் நான் வெட்கத்தோடு அத்தை பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

முதல் வருஷம் 150 பெட்டி கொடுத்தோம். 40 பெட்டி பூஞ்சை பிடித்துத் திரும்பி வந்தது. தப்பு எங்களுடையது. அவசரத்தில் சாயம் போட்ட ஓலையை அரைகுறையாகக் காயவிட்டு முடைந்துவிட்டோம். அத்தை திட்டவில்லை. "ஏட்டி, மழைக்கு முன்னாடியே ஓலையக் காயப்போட்டு எடுத்து வைக்கணும். முடையும்போது ஈரத்துணியில சுத்தி வச்சா போதும். முடிஞ்ச பெட்டியத் திரும்ப வெயில் காட்டணும்" என்றார்கள். பல வருஷப் பாடம் அது. எந்தப் புத்தகத்திலும் நான் பார்க்காதது.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று கணக்கில் இருந்தது. ஒரு பெட்டி 30 ரூபாய்க்குக் கொடுத்தோம். ஓலை, சாயம், வண்டிச் செலவு போக 16 ரூபாய் மிச்சம். லாபம் என்று சந்தோஷப்பட்டோம். ஒருநாள் கடிகாரத்தைப் பார்த்து உட்கார்ந்தேன். ஒரு பெட்டிக்கு 2 மணி நேரம் ஆனது. அப்போ மணிக்கு 8 ரூபாய்! அத்தையிடம் சொன்னேன். "சும்மா இருக்குற நேரந்தானே" என்றார்கள். காலை 5 மணிக்கு எழுந்து ராத்திரி 10 மணிக்குப் படுக்கிற மனுஷி. அவர்களுக்குச் சும்மா இருக்கிற நேரம் எது என்று நானும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றுமே அகப்படவில்லை.

அடுத்த கூட்டத்தில் தீர்மான நோட்டில் எழுதினோம்: உழைத்த நேரத்தையும் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும். விலையை 65 ரூபாய் ஆக்கினோம். வாங்குகிறவர்களில் சிலர் போய்விட்டார்கள். இருந்தவர்களுக்கு நல்ல பெட்டியாகக் கொடுத்தோம். இப்போ அத்தைக்குத் தனியாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறேன். எந்தப் பின்னலுக்கு எத்தனை ஓலை, எந்த மாதம் வெட்டணும், மூலை எப்படி மடக்கணும் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். கண் பார்வை மங்கிக்கொண்டு வருகிறது. கைக்கு எல்லாம் தெரிகிறது, வாயால் சொல்லத்தான் கஷ்டப்படுகிறார்கள். 12 பின்னல் எழுதியாச்சு. இன்னும் எத்தனையோ பாக்கி. முதல் பக்கத்தில் அத்தை பேரை எழுதி வைத்திருக்கிறேன்.

2021இல் அரசு போட்ட வேளாண் பட்ஜெட்டில் 76 லட்சம் பனை விதை கொடுக்கப்போவதாக அறிவித்தார்கள். பனை வெட்டணும் என்றால் கலெக்டர் அனுமதி வேணும் என்றும் சொன்னார்கள். மரம் நின்றால் மட்டும் போதுமா? ஓலையை எடுத்து முடைய ஒரு கையும் வேணுமே.

தோழிகளே, உங்க வீட்டிலும் ஒரு அத்தை, ஒரு அம்மாச்சி இருப்பார்கள். கோரைப்பாயோ, கோலமோ, மண்பொம்மையோ, ஏதோ ஒன்று அவர்கள் கையில் இருக்கும். இந்த மழைக்கு ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருங்கள். முதலில் அவர்கள் பேரை எழுதுங்கள்.