விளக்கிலிருந்து ஏரி வரை: கிராக்சைடில் ஒரு புதையல் வேட்டை

இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தின் ராத்பரி ஊரை ஒட்டிய பாறைச் சரிவில் நிற்கிறது கிராக்சைடு மாளிகை. பொறியாளரும் பீரங்கித் தொழிலதிபருமான வில்லியம் ஆம்ஸ்ட்ராங் 1863இல் சிறிய ஓய்வில்லமாகத் தொடங்கியதை, 1869 முதல் கட்டடக் கலைஞர் நார்மன் ஷா விரித்துக் கட்டினார். 1977 முதல் அது நேஷனல் டிரஸ்டின் பராமரிப்பில் உள்ளது. இத்தகைய மாளிகைகளில் பிள்ளைகளிடம் குறிப்புத்தாளைக் கொடுத்துப் புதையல் தேட அனுப்புவதுண்டு. பெரியவர்களும் அந்தத் தாளை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பேன். அறை அறையாகப் பார்த்துப் போனால் ஓவியமும் மரவேலைப்பாடும் கண்ணில் படும். வீட்டை இயக்கிய விசையோ தோட்டத்துக்குள் மறைந்து கிடக்கிறது.

தேடலை நூலகத்தில் தொடங்கலாம். 1880இல் ஜோசப் ஸ்வானின் மின்விளக்குகளை ஆம்ஸ்ட்ராங் இங்கே பொருத்தினார். விளக்கைத் தாங்கியது செம்பின்மேல் எனாமல் பூசிய சாடி. மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பாதையும் அந்தச் செம்புதான். சாடியின் அடியில் நீட்டி நின்ற கம்பிமுனை, பீடத்தின் நடுவிலிருந்த சிறு பாதரசக் கிண்ணத்தில் தோய்ந்தது. சாடியைத் தூக்கியதும் விளக்கு அணைந்தது; திரும்ப வைத்ததும் எரிந்தது. எத்தனை அழகான ஏற்பாடு! இதை ஒரு பிள்ளைக்கு விளக்கிச் சொல்வதைவிட, சாடியின் முன்னே அதை நிறுத்தி, "பொத்தான் எங்கே, கண்டுபிடி" என்று கேட்பது நல்லது.

அடுத்த குறிப்பு வெளியே இழுத்துச் செல்லும். டெப்டன் ஓடையைத் தேக்கி, அந்த நீரால் டைனமோவைச் சுழற்றி, 1878இல் ஓவியக்கூடத்தில் ஆர்க் விளக்கு ஏற்றினார்கள். நீர்மின்சாரத்தால் ஒளிபெற்ற முதல் வீடு என்ற பெயர் கிராக்சைடுக்கு அப்படித்தான் வந்தது. 1886இல் பர்ன்ஃபுட்டில் மின்நிலையம் எழுந்தது. அதற்கு நீர் தந்தவை மேட்டிலுள்ள நெல்லீஸ் மாஸ் ஏரிகள். சமையலறையில் இறைச்சி வாட்டும் கம்பி சுழன்றதும், லிஃப்ட் ஏறியதும் நீர்விசையால்தான். இத்தனைக்கும் அருகிலுள்ள நியூகாசில் நிலக்கரிக்குப் பேர்போன நகரம். 1863இல் அங்கே கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் தலைமையுரை ஆற்றிய ஆம்ஸ்ட்ராங், நிலக்கரி என்றென்றும் கிடைக்காது என்று எச்சரித்திருந்தார். ஊசியிலை மரங்களுக்கும் ரோடோடென்ட்ரான் புதர்களுக்கும் நடுவே ஏரியைத் தேடி ஏறும் பிள்ளை, அந்தப் பேச்சின் பொருளைக் காலால் அறிந்துகொள்ளும்.

பெரும்பாலும் வேட்டை இத்தோடு முடிந்துவிடும். முடியக் கூடாது. 1883இல் ஜெஸ்மண்ட் டீன் என்ற மரமடர்ந்த பள்ளத்தாக்கை நியூகாசில் மக்களுக்கே கொடுத்த வள்ளல் ஆம்ஸ்ட்ராங், அதில் ஐயமில்லை. ஆனால் அவருடைய செல்வத்தில் பெரும்பங்கு அவரது எல்ஸ்விக் ஆலையின் பீரங்கிகளும் போர்க்கப்பல்களும் ஈட்டியது. 1889இல் பாரசீக ஷாவும் 1897இல் சயாம் மன்னரும் கிராக்சைடுக்கு வந்தார்கள். ஆகவே கடைசிக் குறிப்பைப் பெரிய பளிங்குக் கணப்புள்ள வரவேற்பறையில் வைக்க வேண்டும். அதில் ஒரே கேள்வி போதும்: இந்த விருந்தாளிகளின் நாடுகளுக்கு இந்த வீட்டுக்காரர் எதை விற்றார்?