களை பறித்தவர்களின் இத்தாலி

தமிழுக்குள் இத்தாலி முதலில் மாஜினியாக வந்தது. பாரதி 'மாஜினியின் பிரதிக்கினை' எழுதிய நாட்களில், அந்நியர் பிடியிலிருந்து விடுபட்டு ஒன்றான நாடு என்பதுதான் நமக்கு இத்தாலி. பிறகு கிராம்சி வந்தார். எஸ்.வி. ராஜதுரையும் வ. கீதாவும் அவரைத் தமிழில் விரிவாக அறிமுகப்படுத்தினார்கள். முசோலினியின் சிறையில் அவர் எழுதிய குறிப்பேடுகளை நாம் விவாதித்த அளவுக்கு, அவருக்கு மருந்தும் புத்தகமும் கொண்டுபோய்க் கொடுத்து, 1937-இல் அவர் இறந்த பின் அந்தக் குறிப்பேடுகளைக் காப்பாற்றிய மைத்துனி தாத்தியானா ஷுக்தைப் பற்றிப் பேசவில்லை. குறிப்பேடு சிந்தனையானது, அதைச் சுமந்தது வெறும் பணிவிடையாகிப்போனது.

நான் வரலாறு படித்தபோது பாடத்தில் இருந்த இத்தாலியில் கவூர், கரிபால்டி, முசோலினி எல்லோரும் இருந்தார்கள். ஒரு பெண்கூட இல்லை. தேர்வு எழுதினேன், மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்த நாட்டிலும் நெல் விளைகிறது, அங்கேயும் பெண்கள் சேற்றில் இறங்கிக் களை பறித்தார்கள் என்று தெரிந்துகொண்டது வெகுகாலம் கழித்துத்தான். கள்ளக்குறிச்சிப் பக்கம் களைக்குப் போய் என்னைப் படிக்கவைத்தவரின் மகளுக்கு அது வெறும் தகவலாக இருக்க முடியாது.

போ ஆற்றுச் சமவெளியில் வெர்செல்லி, நொவாரா, பாவியா வட்டாரங்களில் இந்தப் பெண்களை 'மோந்தினே' என்பார்கள். களையெடுப்பவர்கள் என்றே பொருள். கோடையின் தொடக்கத்தில் ஏறக்குறைய 40 நாள் வேலை. பலர் வேறு மாவட்டங்களிலிருந்து ரயிலேறி வந்து, கொட்டகையில் வைக்கோல்மேல் படுத்து, முழங்கால் தண்ணீரில் குனிந்து நின்றார்கள். கொசு, மலேரியா, அட்டை. நெல்வயலில் எந்நேரம் வேலை வாங்கலாம் என்று 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரு விதி இருந்தது. மலேரியா பயத்தால் வந்தது. நிலக்காரர்கள் யாரும் அதை மதிக்கவில்லை. மதிக்கவைத்தது பெண்களின் வேலைநிறுத்தம். 1906-இல் வெர்செல்லியில் எட்டு மணி நேர வேலைநாளை வென்றார்கள். அப்போது அவர்களுக்கு வாக்குரிமை கிடையாது. அது 1945-இல்தான் வந்தது. 1946 ஜூன் 2 அன்று மன்னராட்சியா குடியரசா என்று நாடு வாக்களித்தபோது, அரசியல் நிர்ணய சபையின் 556 உறுப்பினர்களில் 21 பேர் பெண்கள்.

('பெல்லா சாவ்' பாட்டு இந்தப் பெண்களுடையது என்று நம் ஊர்வலங்களிலும் சொல்கிறார்கள். களைப்பெண்கள் பாடும் வரிகள் போருக்குப் பிறகு எழுதப்பட்டவை என்ற வாதம் வலுவாகவே இருக்கிறது. எனக்குப் பாட்டைவிட அந்த எட்டு மணி நேரம்தான் பெரிது.)

அந்தச் சபை எழுதிய அரசியலமைப்பின் 37-ஆம் பிரிவு, சம வேலைக்குச் சம ஊதியம் என்கிறது. அடுத்த வாக்கியமே, பெண்ணின் வேலை நிலைமைகள் அவளது இன்றியமையாத குடும்பக் கடமைக்கு இடம்தர வேண்டும் என்கிறது. ஒரு கையால் கூலியைக் கொடுத்து, மறு கையால் அடுப்பைக் காட்டிய பிரிவு. 1972-இல் பதுவா நகரிலிருந்து மரியாரோசா தல்லா கோஸ்தாவும் அவரது தோழிகளும் கேட்டது இதைத்தான்: அடுப்படி வேலைக்கு யார் கூலி கொடுப்பது? தொழிற்சாலைக்குத் தினமும் ஆளைச் சோறு போட்டு, துணி துவைத்து, தேற்றி அனுப்புகிறவள் செய்வதும் உற்பத்திதானே? பார்மாவில் பிறந்த சில்வியா ஃபெடரிச்சி நியூயார்க்கிலிருந்து இதே குரலை எழுப்பினார். கூலி கொடுத்தால் பெண் அடுப்படியிலேயே கட்டப்படுவாள் என்று பெண்ணியவாதிகளே எதிர்த்தார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஆனாலும் கேள்வி தேவைப்பட்டது.

களைக்குப் போன நாட்களில் எவ்வளவு நேரம் வேலை என்று அம்மாவிடம் கேட்டேன். எத்தனை மணிக்கு வயலில் இறங்குவார்கள், எப்போது கரையேறுவார்கள் என்பதைத் தயங்காமல் சொன்னார். வீட்டு வேலை எத்தனை மணி நேரம் என்றதற்கு, "அத எவ எண்ணுனா?" என்றார்.

இந்தக் கேள்வியோடு கல்வராயன் மலைக்கு ஏறினால், அங்கே எழுதப்பட்ட வரலாறு மூன்று ஜாகீர்தார்களைப் பற்றியது. மலையாளிப் பழங்குடிகளின் நிலம் அவர்கள் பிடியிலிருந்து விடுபட்டு அரசு நிர்வாகத்துக்குள் வந்தது 1976-இல், நெருக்கடிநிலைக் காலத்தில். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டமும் சம ஊதியச் சட்டமும் அதே ஆண்டில் வந்தவை. மூன்றும் ஒரே ஆண்டில் வந்ததைப் பார்த்து மலைப்பெண்ணுக்கு விடிந்துவிட்டது என்று எழுதத் தோன்றும். சாமையும் தினையும் இடித்தது, ஓடைக்கு இறங்கித் தண்ணீர் சுமந்தது, விறகு கட்டி வந்தது எதுவும் அந்தச் சட்டங்களின் கணக்கில் உழைப்பு இல்லை. அடிமைப்பட்டதும் விடுதலையானதும் 'குடும்பம்'. அதன் பெயர் ஆணின் பெயர். மலைமக்களின் வாழ்நிலையை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்ததுகூட 2024 ஜூனில் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான்.

பதுவாவின் கேள்வி தமிழ்நாட்டுக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. 2020 கடைசியில் இல்லத்தரசிகளுக்கு ஊதியம் என்று கமல்ஹாசனின் கட்சி வாக்குறுதி தந்தபோது பலர் சிரித்தார்கள். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் திட்டம், ஏறத்தாழ 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் என்று ஆரம்பித்தது. உதவித்தொகை என்று சொல்லாமல் உரிமைத்தொகை என்று சொன்னார்கள். அந்தச் சொல்லை நான் சிறிதாக நினைக்கவில்லை. பெண் கையில் நேராக வரும் பணம் வீட்டுக்குள் என்ன செய்யும் என்பதை எங்கள் தெருவிலேயே பார்க்கிறேன். ஆனால் அது குடும்பத்துக்கு ஒருவருக்குத்தான். குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சத்தைத் தாண்டக் கூடாது, நன்செய் 5 ஏக்கருக்குள் இருக்க வேண்டும், மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் இருக்க வேண்டும். கூலி என்றால், வேலை செய்தவளின் வீட்டு மின்கட்டணத்தை யார் கேட்பார்கள்? ஒரே அடுப்பில் மாமியாரும் மருமகளும் உழைக்கும் வீட்டில் இருவரில் ஒருத்திக்குத்தான் உரிமை. மற்றவளுடைய நாள் இன்னும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.