மாடு திரும்பும் வரி

முதல் வரி வலமிருந்து இடம் போகும். அது முடிந்த இடத்திலேயே அடுத்த வரி தொடங்கி இடமிருந்து வலம் திரும்பும். இப்படிப் போயும் வந்தும் எழுதுவதற்குக் கிரேக்கர் சொன்ன சொல் 'பூஸ்ட்ரோபெடோன்', அதாவது மாடு திரும்புகிறபடி. ஒரு சால் ஓட்டி வரப்பை எட்டியதும் உழவன் மாட்டைத் திருப்பி அடுத்த சாலைப் பிடிக்கிறானே, அதுதான். ஃபினீசியர்களின் எழுத்து வலமிருந்து இடம் ஓடியது. அதை வாங்கிய கிரேக்கர் கடைசியில் இடமிருந்து வலத்துக்கு மாறினர். ஆகவே நடுவில் வந்த இந்த முறையை, திசை பிடிபடாத காலத்தின் தடுமாற்றம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கல்வெட்டுகளைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை.

கிரீட் தீவின் கோர்த்தின் நகரச் சட்டத்தையே எடுத்துக்கொள்வோம். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் அது வெட்டப்பட்ட சுவரில் 12 பத்திகள், 600-க்கு மேற்பட்ட வரிகள். வாரிசுரிமை, தத்து, மணமுறிவில் பெண்ணுக்குச் சேரவேண்டிய சொத்து என்று ஊரார் வழக்காடும் விஷயங்கள் எல்லாம் அதில் உண்டு. வரி திரும்பும்போது எழுத்தின் முகமும் திரும்புகிறது: எப்சிலானின் கைகள் ஒரு வரியில் இடப்பக்கம் நீண்டால் அடுத்ததில் வலப்பக்கம் நீள்கின்றன. திசை தெரியாமல் தடுமாறுகிற சிற்பியால் இவ்வளவு நீளத்துக்கு இதை ஒழுங்காகச் செய்ய முடியாது. கிரீட்காரர்கள் பழமையை விடாதவர்கள், மற்ற ஊர்கள் அதற்குள் மாறிவிட்டன என்று மறுக்கலாம். உண்மைதான். ஆனால் பழமையைப் பேணுவது வேறு, குழம்பி நிற்பது வேறு.

நம் பக்கத்திலும் ஒரு சான்று உண்டு. கர்னூல் பகுதியின் எர்ரகுடியில் உள்ள அசோகரின் சிறுபாறைச் சாசனத்தில், பிராமி வரிகள் சில இப்படித் திரும்பி ஓடுகின்றன. ஆனால் இதை நான் பெரிதாகத் தூக்கிப் பிடிக்கமாட்டேன். மற்றச் சாசனங்களில் இந்த வழக்கம் இல்லை. வெட்டியவரின் தனி விருப்பமாகவும் இருக்கலாம். கிரேக்கச் சான்றின் பலம் அதற்கு இல்லை.

அப்படியானால் நல்ல ஏற்பாடு ஏன் வழக்கொழிந்தது? வரி முடிவில் கண் தாவ வேண்டாம் என்பது அதன் வசதி. அதற்கு ஈடாக, பல எழுத்துகளை இரண்டு முகங்களிலும் அடையாளம் காணப் பழகவேண்டும். படிப்போர் பெருகப் பெருக இந்தச் சுமைதான் பெரிதாகியிருக்கும் என்பது என் கணிப்பு. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ், ஒலிம்பியாவில் இருந்த கிப்செலஸ் பேழையின் எழுத்தைப் பற்றிச் சொல்லும்போது, ஓடிப்போய்த் திரும்பிவரும் இரட்டை ஓட்டப் பந்தயத்தைக் காட்டி இந்த முறையை விளக்குகிறார். அவர் காலத்துக் கிரேக்க வாசகருக்கே அதை விளக்கவேண்டியிருந்தது.