கவலேவிச்: ஒரு பெலாரசுக் குடும்பப் பெயரின் தோற்றமும் திரிபும்

பெலாரசு நாட்டுக் குடும்பப் பெயர்களுள் தொழிலடியாகப் பிறந்தவை பல. கவலேவிச் என்பது அவற்றுள் ஒன்று. அந்நாட்டு மொழியில் ‘கவால்’ என்பது கொல்லனைக் குறிக்கும் சொல். ‘ஏவிச்’ என்பது இன்னாரின் மகன் என்னும் பொருள்தரும் விகுதி. எனவே கொல்லன் மகன் என்பதே இப்பெயரின் பொருளாம்.

இப்பகுதியோடு பிற விகுதிகள் சேர்ந்தும் பெயர்கள் தோன்றின. தென்மேற்கில் கவல்ச்சுக் என்பதும், கிழக்கில் கவலேன்கா என்பதும், வடக்கில் கவல்யோனக் என்பதும் பெருவழக்கின. 1942-இல் மின்ஸ்க் மாநிலத்துக் குருப்கி வட்டாரத்தில் பிறந்து, 1977-இல் முதன்முறை விண்வெளிக்குச் சென்ற விளாதிமிர் கவல்யோனக் இறுதியிற் கூறிய பெயரினர். கவலேவ்ஸ்கி என்பதிலுள்ள ‘ஸ்கி’ விகுதியோ முதற்கண் ஊரையும் நிலவுரிமையையும் குறித்து, உயர்குடியினர்பால் வழங்கிப் பின்னர்ப் பிறரிடத்தும் பரவியது.

இனி எழுத்துத் திரிபினை நோக்குவோம். இந்நிலம் லிதுவேனியப் பெருங்கோமகனின் ஆட்சியில் இருந்தபோது, 1588-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு முதலியன பழைய பெலாரசு மொழியில் சிரில் எழுத்தால் எழுதப்பட்டன. 1696-இல் போலந்து மொழி ஆவண மொழியாயிற்று. 1795-இல் நாட்டுப் பிரிவினை நிறைவுற்றபின், உருசிய மொழி படிப்படியாக அவ்விடத்தைப் பெற்றது. இக்காலப் பெலாரசு மொழியில் அழுத்தம் பெறாத ஒகரம் அகரமாக ஒலிக்கும், அவ்வாறே எழுதவும்படும். உருசிய மொழியில் ஒலி திரியினும் எழுத்தில் ஒகரமே நிற்கும். போலந்து மொழியிலோ ஒலி, எழுத்து இரண்டிலும் ஒகரமே. ஆதலின் கவலேவிச், கொவலேவிச் என்பன ஒரு பெயரின் இரு வடிவங்களேயாம்.

இதனை உணராதார், திருக்கோயிற் பதிவேட்டில் இலத்தீன் எழுத்தால் கொவலேவிச் எனவும், பிற்கால ஆவணத்தில் கவலேவிச் எனவும் குறிக்கப்பெறும் ஒரு குடும்பத்தை இரண்டாகக் கொள்வர்; பாட்டன் ஒருபுறமும் பெயரன் மறுபுறமுமாகப் பிரிந்துவிடுவர். இதற்கு மாறாக, பெயரொற்றுமை ஒன்றே கொண்டு உறவு கற்பித்தலும் பிழையாம். கொல்லன் பல ஊர்களிலும் இருந்தான். தம்முள் தொடர்பற்ற குடும்பங்கள் பல இப்பெயரைத் தனித்தனியே பெற்றன. மேலும், உக்ரேனிய மொழியிலும் போலந்து மொழியிலும் ‘கொவால்’ என்னும் இனச்சொல் உண்டு. ஆகவே பகுதியை மட்டும் நோக்கி நாட்டினைத் துணிதல் சாலாது.

பகுதி முன்னோன் தொழிலைக் காட்டும். விகுதி பெரும்பாலும் வட்டாரத்தைக் காட்டும். உயிரெழுத்து, எழுதியவன் கையாண்ட மொழியைக் காட்டும். உறவினை நிறுவுவது தலைமுறை தோறும் தொடரும் ஆவணச் சான்றேயன்றிப் பெயர் அன்று.