யாரைக் கேட்டுப் போட்டீங்க?

சேலத்தில் இருந்து ஏற்காடு போறவங்க அஸ்தம்பட்டியைத் தாண்டித்தான் போகணும். அங்கேதான் சேலம் மத்திய சிறை இருக்கு. 1995 ஏப்ரல் 27-ம் தேதி ஆட்டோ சங்கரைத் தூக்கிலிட்டது அந்தச் சிறையில்தான். அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் யாரையும் தூக்கில் போட்டதில்லை.

ஆட்டோ சங்கர்னதும் கொலைக்கதை சொல்லப் போறேன்னு நினைச்சுடாதீங்க. ஆறு கொலை, விசாரணை, தீர்ப்பு எல்லாம் அந்தக் காலத்து வாரப் பத்திரிகைகளில் வேணுங்கிற அளவு வந்தாச்சு. அவர் பெயரால் நடந்த இன்னொரு வழக்கு இருக்கு. சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்னிக்கும் அதைப் படிக்காமல் பாஸ் பண்ண முடியாது. ஒருத்தரைப் பற்றி அவரைக் கேட்காமல் எவ்வளவு தூரம் வெளியிடலாம் என்கிற கேள்விக்கு இந்தியாவில் முதன்முதலா விரிவாகப் பதில் சொன்ன வழக்கு அதுதான்னு சொல்லலாம்.

சுருக்கமா கதை இது. செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட் 1991 மே 31-ல் சங்கருக்குத் தூக்குத் தண்டனை கொடுத்தது. சிறையில் இருந்தபோது 300 பக்கத்துக்குத் தன் கதையை எழுதி மனைவியிடம் கொடுத்தார், அது வக்கீல் மூலமா நம்மகிட்ட வந்ததுன்னு நக்கீரன் பத்திரிகை சொன்னது. பல அதிகாரிகளுக்கும் சங்கருக்கும் இருந்த தொடர்பு அதில் இருக்குன்னும் சொன்னது. உடனே சிறைத்துறைத் தலைவரிடம் இருந்து 1994 ஜூன் 15 தேதியிட்டு ஒரு கடிதம் வந்தது. சங்கர் அப்படி எதுவும் எழுதவில்லை, வெளியிடாதீங்க, வெளியிட்டால் நடவடிக்கை எடுப்போம்னு. நக்கீரன் ஆசிரியர் ராஜகோபால் (நம்ம நக்கீரன் கோபால்தான்) சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1994 அக்டோபர் 7-ல் நீதிபதி ஜீவன் ரெட்டி தீர்ப்பு எழுதினார்.

தீர்ப்பின் சாரத்தை என் பாஷையில் சொல்றேன்.

ஒண்ணு. தனிமனிதரைத் தனியா விடணும். குடும்பம், கல்யாணம், பிள்ளைப்பேறு, படிப்பு மாதிரி சொந்த விஷயங்களை அவர் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிடக் கூடாது. அது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா திட்டா என்பது கணக்கே இல்லை.

ரெண்டு. ஏற்கனவே பொது ஆவணத்தில், கோர்ட் ஆவணத்தில் இருக்கிற விஷயம்னா சம்மதம் தேவையில்லை. அதில் ஒரு விலக்கு: பாலியல் வன்முறைக்கோ கடத்தலுக்கோ ஆளான பெண்ணின் பெயர் வெளியே வரக் கூடாது.

மூணு. அரசு அதிகாரி தன் வேலையில் செய்ததைப் பற்றி எழுதினால் 'என் அந்தரங்கம்'னு அவர் சொல்லிக்க முடியாது.

நாலு. அச்சுக்குப் போகும் முன்பே தடுக்கிற அதிகாரம் அரசாங்கத்துக்குக் கிடையாது. அவதூறுன்னு தோணினால் வெளிவந்த பிறகு கேஸ் போட்டுக்கட்டும்.

பத்திரிகைச் சுதந்திரத்துக்குப் பெரிய வெற்றின்னு கொண்டாடினாங்க. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு இடம் நெருடும். அந்த வழக்கில் சங்கரும் கட்சிக்காரர் இல்லை, அவர் மனைவியும் இல்லை. எழுதினார்னு பத்திரிகை சொல்லுது, எழுதலைன்னு சிறைத்துறை சொல்லுது. எழுதினாரா, சம்மதித்தாரான்னு சொல்ல வேண்டிய ஆள் உயிரோடு சிறையில் உட்கார்ந்திருக்கார். அவர் தரப்பு கோர்ட்டுக்கு வரவே இல்லை. தீர்ப்பே இதைக் குறிப்பிட்டுவிட்டு, அவர் எழுதவும் இல்லை, அனுமதி தரவும் இல்லைன்னு வைத்துக்கொண்டுதான் மேலே போகுது. சம்மதம் பற்றிய நம்ம நாட்டின் முக்கியமான தீர்ப்பே, சம்மதிக்க வேண்டியவர் வாயைத் திறக்காமல் எழுதப்பட்டது!

சரி, அந்த ரெண்டாவது விதிக்கு வருவோம். 'பொது ஆவணம்னா கேட்க வேண்டாம்.' 1994-ல் பொது ஆவணம்னா என்ன? கோர்ட் ரெக்கார்டு ரூமில் கயிறு கட்டிக் கிடக்கிற கட்டு. நகல் வேணும்னா மனு போடணும், ஸ்டாம்ப் ஒட்டணும். வழக்குக்குச் சம்பந்தமில்லாத மூன்றாம் ஆள்னா எதுக்கு வேணும்னு காரணமும் எழுதணும். சார்பதிவாளர் ஆபீஸும் அப்படித்தான். வில்லங்கம் போட்டுப் பார்க்க சர்வே நம்பர், வருஷம் எல்லாம் எழுதிக் கொடுத்துட்டு, பத்திர எழுத்தர் திண்ணையில் அரை நாள் காத்திருக்கணும். பொதுதான், யாரும் பார்க்கலாம்தான். ஆனால் வேலை இருக்கிறவன் மட்டும்தான் அவ்வளவு தூரம் மெனக்கெட்டுப் போவான். அந்த மெனக்கெடலே ஒரு வேலி மாதிரி இருந்தது. சட்டம் போட்ட வேலி இல்லை, தூசியும் தூரமும் போட்ட வேலி.

அந்த வேலி போயிடுச்சு. 2007-ல் கோர்ட்டுகளைக் கம்ப்யூட்டர்மயமாக்கும் திட்டம் ஆரம்பித்தது. 2008-ல் இந்தியன் கானூன் வந்து தீர்ப்புகளை எல்லாம் இலவசமாகத் தேடும்படி செய்தது. அதனால் ஏழை வக்கீலுக்கும் மாணவனுக்கும் கிடைத்த நன்மை கொஞ்சநஞ்சம் இல்லை. வில்லங்கம் இப்போ வீட்டில் இருந்தே பார்க்கலாம். எதுக்குப் பார்க்கிறேன்னு கேட்க ஆளில்லை.

இதில் மாட்டிக்கொண்ட ஒருவர் மதுரைக் கிளைக்கு வந்தார். ஒரு குற்ற வழக்கில் கீழ்க்கோர்ட் தண்டித்து, 2014-ல் ஹைகோர்ட் விடுதலை செய்தவர். விடுதலை ஆனாலும் பெயரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது அந்த வழக்குதான். என் பெயரை மட்டும் எடுங்கன்னு கேட்டார். 2021 ஆகஸ்ட் 3-ல் தனி நீதிபதி மறுத்தார். 2024 பிப்ரவரி 27-ல் ரெண்டு நீதிபதி அமர்வு எடுக்கச் சொன்னது. இந்தியன் கானூன் மேல்முறையீடு செய்ய, அதே வருஷம் ஜூலை 24-ல் சுப்ரீம் கோர்ட் அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. அவர் பெயரை நான் இங்கே எழுதலை. எழுதாமலே விஷயம் உங்களுக்குப் புரிஞ்சுதில்லையா? நான் சொல்ல வர்றதும் அதுதான்.

அப்போ எல்லாத்தையும் பூட்டி வைக்கலாமா? கூடவே கூடாது. அதே சேலம் சிறையில் 1950 பிப்ரவரி 11-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 22 கம்யூனிஸ்ட் கைதிகள் செத்தாங்க, பெரும்பாலோர் மலபார் பக்கத்துக்காரங்க. செத்தவங்க பெயர் இருப்பதால்தான் அது வரலாறு. இல்லைன்னா அது வெறும் ஒரு எண். 'கைதிகளின் அந்தரங்கம்'னு சொல்லிக் கோப்பைப் பூட்டியிருந்தால் யாருக்கு லாபம்? சுட்டவங்களுக்குத்தான்.

நம்ம நாமக்கல் மாவட்டத்திலேயே இன்னொரு பக்கமும் பார்த்தோம். பெருமாள்முருகன் திருச்செங்கோட்டை வைத்து எழுதின 'மாதொருபாகன்' 2010-ல் வந்தது. ஊரைக் கேட்காமல் ஊரைப் பற்றி எழுதலாமான்னு கிளம்பின எதிர்ப்பு, 2015 ஜனவரியில் கலெக்டர் ஆபீஸ் பேச்சுவார்த்தையில் எழுத்தாளரை மண்டியிட வைத்தது. 2016 ஜூலை 5-ல் சென்னை ஹைகோர்ட் அவர் பக்கம் நின்றது. அந்த அமர்வுக்குத் தலைமை வகித்த சஞ்சய் கிஷன் கௌல், அடுத்த வருஷம் ஆகஸ்ட் 24-ல் அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு சொன்ன ஒன்பது நீதிபதிகளில் ஒருத்தர். தனி மனுஷன் மறக்கப்படும் உரிமையைப் பற்றி அதில் எழுதினார். எழுதும்போதே, கருத்துச் சுதந்திரமும் வரலாற்று ஆய்வும் பொது நலனுக்கான ஆவணக் காப்பும் அதுக்கு விலக்குன்னும் சேர்த்தார். ஒரே மனுஷர் ரெண்டு பக்கமும் பார்த்திருக்கார்.

இதெல்லாம் எனக்கு எதுக்குன்னு கேப்பீங்க. சொல்றேன்.

எங்க பக்கத்தில் ஒரு பழைய லாரி ஆபீஸை மூடினாங்க. அந்த முதலாளி, 'உனக்குத்தான் இந்தக் கிறுக்கு இருக்கே, எடுத்துட்டுப் போ கண்ணு'ன்னு ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார். உள்ளே 1970-களில் லைனுக்குப் போன டிரைவர்கள் எழுதின கார்டுகள். நாக்பூர், கல்கத்தா, கான்பூர்னு எங்கெங்கேயோ இருந்து. லோடு கிடைக்கலை, டயர் வெடிச்சிடுச்சு, வாடகை இவ்வளவு பேசியிருக்கேன்னு. நாமக்கல் லாரித் தொழிலின் வரலாறு எழுதணும்னா இதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. ஆனால் அதே கார்டில், வீட்டில் சம்சாரத்துக்கு உடம்பு சரியில்லை, நூறு ரூபாய் கொடுத்தனுப்புங்க அண்ணா, கிளீனர் பையன் குடிக்கிறான், தம்பி சொத்துக்குச் சண்டை போடறான்னு எல்லாம் இருக்கு.

கொடுத்தவர் மனசாரத்தான் கொடுத்தார். ஆனால் அது அவர் கொடுக்கக்கூடியதா? 1741-லேயே இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் என்ற கவிஞரின் கடிதங்களை ஒரு பதிப்பாளர் கேட்காமல் அச்சடித்தபோது கோர்ட் சொன்னது இது: கடிதம் வாங்கினவருக்குக் காகிதம்தான் சொந்தம், அதில் உள்ள எழுத்து எழுதினவருக்குச் சொந்தம். நம்ம 1957 காப்புரிமைச் சட்டமும் எழுத்தை எழுதினவருக்குத்தான் கொடுக்குது.

கார்டுதானே, ஒட்டின கவர்கூட இல்லையே, தபால்காரரும் கணக்குப்பிள்ளையும் படிச்சிருப்பாங்களேன்னு ஒரு நண்பர் கேட்டார். படிச்சிருப்பாங்க. அவங்களுக்கு அந்த டிரைவரைத் தெரியும், அவன் கஷ்டமும் தெரியும். நாலு பேர் பார்க்கும்படி எழுதினான் என்பதால் நாடே பார்க்கட்டும்னு எழுதினான்னு ஆகாது. பேரன் பொண்ணு பார்க்கப் போகும்போது தாத்தா வாங்கின கடன் முன்னாடி வந்து நிக்கணுமா?

அதனால் எனக்கு நானே ஒரு கணக்கு வச்சிருக்கேன். கார்டு எதையும் கிழிக்க மாட்டேன், ஒரு எழுத்தையும் அழிக்க மாட்டேன். வாடகை, வழி, லோடு, செக்போஸ்டில் பிடுங்கின காசு, இதெல்லாம் வெளியே வரும். பிடுங்கின அதிகாரி என்ன பதவின்னும் வரும், ஏன்னா அது அவர் சொந்த விஷயம் இல்லை. டிரைவர் பெயரும் வீட்டுச் சங்கதியும் வராது. முழுசாப் பார்க்கணும்னு ஆராய்ச்சிக்கு யாராவது வந்தால், எதுக்குன்னு கேட்டுட்டுப் பெட்டியைத் திறப்பேன். பழைய ரெக்கார்டு ரூம் கிளார்க் கேட்ட அதே கேள்விதான்.

இன்னொரு வேலையும் பாக்கி இருக்கு. எழுதினவங்களில் சிலர் இன்னும் இருக்காங்க. எண்பதை ஒட்டின வயசு. ரெண்டு பேர் வீடு தெரியும். அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க கார்டை எடுத்துட்டுப் போய், 'ஐயா, இது நீங்க எழுதினதுதானுங்களா, வெளியே போடட்டுங்களா?'ன்னு கேக்கப் போறேன். வேண்டாம்னு சொன்னால் கார்டை அவங்க கையிலேயே கொடுத்துட்டு வந்துடுவேன்.