லான்ஸ்ஃபீல்டு அம்மையாரும் எம் புரதமும்

முதல் உலகப் போரில் குண்டடி படாமலே மாண்ட அமெரிக்க வீரர்கள் ஏராளம். டெக்சாஸ் பயிற்சி முகாம்களில் தட்டம்மை பரவியது. அம்மை இறங்கும் நேரத்தில் நிமோனியா பிடித்துக்கொண்டது. காரணம், மணி கோத்ததுபோல் சங்கிலியாக வளரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அங்கே சேகரித்த கிருமிகள் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்துக்கு வந்து சேர்ந்தன. 1918-இல் அவற்றைப் பிரித்துப் பார்க்க உதவியாளராகச் சேர்ந்தவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்டு. அப்போது அவருக்கு வயது 23. அடுத்த ஆண்டு வெளியான ஆய்வுக் கட்டுரையில் டோஷே, ஏவரி ஆகிய பெரிய பெயர்களோடு அவர் பெயரும் இருந்தது.

ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் ‘குரூப் ஏ ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ என்று இன்றும் எழுதுகிறார்களே, அந்த எழுத்துவரிசை அவர் 1933-இல் போட்டது. அவர் பெயர் நிலைத்ததும் அதனால்தான். என்னைக் கேட்டால், 1928-இல் அவர் கண்டதே பெரிது. கிருமியை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டுச் சூடாக்கினார். வெளியே வந்த பொருள்களில் ஒன்று புரதம். கிருமியின் வகைக்கு வகை அது மாறியது. அதற்கு ‘எம்’ என்று பெயரிட்டார். அது இருந்த கிருமி எலியைக் கொன்றது. அதை இழந்த கிருமிக்கு அந்த வீரியம் இல்லை.

லண்டனில் ஃபிரெட் கிரிஃபித் வேறு முறையில் வகை பிரித்துக்கொண்டிருந்தார். இருவர் கணக்கும் சில இடங்களில் ஒத்துவரவில்லை. கிரிஃபித்தின் சோதனையில் சிக்கியது ‘டி’ என்ற இன்னொரு மேற்பரப்புப் புரதம் என்று பிறகு தெரிந்தது. அதற்கும் வீரியத்துக்கும் சம்பந்தமில்லை.

எம் என்னதான் செய்கிறது? அதைக் காட்டும் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒருவரிடமிருந்து அப்போதே எடுத்த ரத்தத்தைச் சோதனைக் குழாயில் விட்டு, சில கிருமிகளைச் சேர்த்து, உடல் சூட்டில் மூன்று மணி நேரம் சுழல விடுவார்கள். எம் இல்லாத கிருமியை வெள்ளை அணுக்கள் விழுங்கித் தீர்த்துவிடும். எம் உள்ளது அதே ரத்தத்தில் பல்கிப் பெருகும். அந்த வகைக்கான எதிர்ப்பொருளைக் கொஞ்சம் சேர்த்தால் அதுவும் தொலையும். டிரிப்சின் நொதியால் எம்மை மட்டும் சிதைக்கலாம் என்பதையும் லான்ஸ்ஃபீல்டு காட்டினார். கிருமி சாகாது, எம்மை மறுபடி முளைக்க வைத்துக்கொள்ளும்!

இதன் சூட்சுமம் பிற்பாடுதான் விளங்கியது. இரண்டு இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு கிருமியின் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருப்பதே எம். ரத்தத்தில் மிதக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்கள் கிருமிமேல் ஒட்டி அடையாளம் வைத்தால்தான் வெள்ளை அணு அதைச் சட்டென்று பிடிக்கும். எம்மோ, நம் ரத்தத்திலுள்ள ஃபைப்ரினோஜெனை இழுத்துப் போர்த்திக்கொண்டு அந்த ஒட்டுதலைக் குறைக்கிறது. காம்ப்ளிமென்ட் நம் செல்களையே தாக்கிவிடாமல் தடுக்க ஃபேக்டர் எச் போன்ற புரதங்கள் உடலில் உண்டு. சில வகை எம் அவற்றையும் வளைத்துப் போட்டுவிடும்.

உடல் சும்மா இருப்பதில்லை. எம்முக்கு எதிர்ப்பொருள் தயாரிக்கிறது. தொற்று வந்து முப்பது ஆண்டுகள் கழித்தும் அது சிலரது ரத்தத்தில் இருந்ததை லான்ஸ்ஃபீல்டே 1959-இல் எழுதினார். ஆனால் அந்தக் காப்பு பெரும்பாலும் அந்த ஒரு வகைக்குத்தான். எம்மின் நுனி வகைக்கு வகை வேறு. இன்று 200-க்கும் மேற்பட்ட வகைகள் தெரியும். ஒரு குழந்தைக்குத் தொண்டை வலி திரும்பத் திரும்ப வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்படியானால் எம்மையே தடுப்பூசியாகப் போட்டால் என்ன? 1960-களில் போட்டும் பார்த்தார்கள். ஆனால் எம்மின் சில பகுதிகள் இதயத் தசையின் மயோசின் புரதத்தை ஒத்திருக்கின்றன. கிருமிக்காகப் பிறந்த எதிர்ப்பொருள் இதயத்தின் மேலும் பாயக்கூடும். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகளில் சிலருக்கு, இதயத்தைப் பாதிக்கும் ருமாட்டிக் காய்ச்சல் வந்ததாக 1969-இல் செய்தி வெளியானது. 1979-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இவ்வகைத் தடுப்பூசிகளுக்குத் தடை போட்டது. தடை நீங்கக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. லான்ஸ்ஃபீல்டு 1981-இலேயே காலமாகிவிட்டார். ருமாட்டிக் காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கு நம் ஊரில் 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, வருடக்கணக்கில், தொடர்கிறது.